இரத்தக் கொதிப்பும் இயக்குநீரும்: ஒரு வரலாற்றுப் பார்வை

மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து எடுத்த எங்கள் பெரியம்மாவுக்கு 38 வயதிலேயே பிரஷர் வந்துவிட்டது. "கோவத்தைக் கொற தாயி, ஊறுகாய், கருவாட்டை விடு" என்றார்கள். விட்டார். உப்பில்லாக் கஞ்சி குடித்தும் பிரஷர் இறங்கவில்லை. ராத்திரியானால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். பகலில் கூடை தூக்கத் தெம்பு இருக்காது. மலைக்குளிர் என்று தைலம் தேய்த்தே 11 வருஷம் ஓடிப்போயிற்று.

எல்லையோரத் தமிழர் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் எல்லாம் கேரளத்தில் அமைந்தன. ஆனாலும் வைத்தியத்துக்குச் சித்தூர்க்காரர் கோயம்புத்தூருக்கும், மூணாறுக்காரர் தேனிக்கும் மதுரைக்கும் போவது நிற்கவில்லை. மலைமேல் ஒரு சீட்டு, அடிவாரத்தில் ஒரு சீட்டு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

இரத்தக் கொதிப்புக்குச் சுரப்பு நீர்களும் காரணமாகலாம் என்பது நூறாண்டு தாண்டிய செய்தி. 1898-இல் ஸ்வீடனில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் இருவரும் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தினார்கள். அவற்றின் இரத்த அழுத்தம் ஏறியது. சாற்றிலிருந்த பொருளுக்கு 'ரெனின்' என்று பெயரிட்டார்கள். பல ஆண்டுகள் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1934-இல் அமெரிக்காவில் கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை இடுக்கியால் நெருக்கி, கொதிப்பு நிலையாக ஏறுவதைக் காட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

ரெனின் தூண்டிவிடும் 'ஆஞ்சியோடென்சின்' இரத்தக் குழாய்களைச் சுருக்கும். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியையும் தட்டி எழுப்பும். அந்தச் சுரப்பியிலிருந்து 1953-இல் லண்டனில் சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட் முதலானோர் பிரித்தெடுத்ததுதான் 'ஆல்டோஸ்டீரோன்'. உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்பது அது சிறுநீரகத்துக்கு இடும் உத்தரவு.

அடுத்த ஆண்டே, 1954-இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான் 34 வயதுப் பெண் ஒருவரைப் பரிசோதித்தார். கொதிப்பு, தசைப்பிடிப்பு, தளர்ச்சி, இரத்தத்தில் பொட்டாசியக் குறைவு. அட்ரீனலில் இருந்த கட்டியை எடுத்ததும் அவர் தேறினார். நோய்க்குக் 'கான் நோய்' என்றே பெயராயிற்று.

இதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் கெண்டைக்கால்தான் ஞாபகம் வந்தது. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், அதே கட்டி! அறுவை செய்தபின் காலிழுப்பு நின்றது. நாலு மாத்திரை இரண்டாயிற்று. ஆனால் கொதிப்பு முழுசாக விட்டுப் போகவில்லை.

காரணம் உண்டு. ஆல்டோஸ்டீரோன் மிகுந்தால் உப்பு தேங்குவதோடு போவதில்லை. தமனிச் சுவரில் நார்த்தன்மை கூடுகிறது. வளைந்து கொடுக்க வேண்டிய குழாய், வெயிலில் கிடந்த ரப்பர் டியூப் மாதிரி விறைத்துவிடுகிறது. கட்டியை எடுத்தாலும், 11 வருஷ விறைப்பு ஒரே நாளில் இளகாது. சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்கே முழுப் பலன்.

பிரஷர் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்பது இன்றைய கணிப்பு. பொட்டாசியம் குறையாமலேகூட வரலாம். பிரஷர் உள்ள எல்லோருக்குமே ஆல்டோஸ்டீரோன், ரெனின் இரண்டையும் இரத்தத்தில் அளந்து பார்க்கலாம் என்று 2025-இல் அமெரிக்க அகச்சுரப்பியியல் சங்கம் பரிந்துரைத்திருக்கிறது.

உப்பைக் குறைப்பது நல்லதுதான். அதை யாரும் விட வேண்டாம். ஆனால் இளவயதிலேயே கொதிப்பு வந்தாலோ, மூன்று மாத்திரைக்கும் அடங்காவிட்டாலோ, "சுரப்பியையும் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். எந்த ஊரில் காட்டினாலும் பழைய சீட்டுகளை ஒரே பையில் கட்டிக் கொண்டுபோங்கள். அவளுக்குக் கோவம் அதிகம் என்று சொல்லியே ஒரு பெண்ணின் பதினோரு வருஷத்தைக் கழித்துவிட்டோம். இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது.