இறந்தவரின் சொல்லுக்கு யார் காவல்?

பச்சையப்ப முதலியார் 1794 மார்ச் 31 அன்று திருவையாற்றில் காலமானபோது அவருக்கு வயது நாற்பதுதான். சென்னையில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்து சேர்த்த பெருஞ்செல்வம் எந்தெந்த அறங்களுக்குப் போக வேண்டும் என்று, கண்மூடுவதற்குச் சில நாள்களுக்கு முன்பே உயில் எழுதிவிட்டார். ஆனால் அவர் பெயர் தாங்கிய பள்ளி சென்னை கறுப்பர் நகரத்தில் திறக்கப்பட்டது 1842-இல். நடுவே 48 ஆண்டுகள். இறப்பவர் மனம் திறந்து எழுதிவிட்டால் போதும், மற்றது தானே நடக்கும் என்ற நம்பிக்கை இன்றும் பலரிடம் இருக்கிறது. நம் நாட்டில் உயில் வேரூன்றிய வரலாறு அந்த நம்பிக்கைக்குச் சான்று தரவில்லை. உயிலின் வலிமை எழுதியவருடைய விருப்பத்தில் பாதிதான். மறு பாதி, அவர் இல்லாத நாளில் அந்தச் சொல்லைக் காக்கும் ஆள்களிலும் அமைப்பிலும் இருக்கிறது.

தனக்குப் பின்னும் தன் விருப்பம் நிற்க வேண்டும் என்ற ஆசை நமக்குப் புதிதல்ல. சோழர் காலக் கோயில் சுவர்களில் சந்திர சூரியர் உள்ளவரை விளக்கெரிய வேண்டும் என்று ஆடும் நிலமும் பொன்னும் கொடுத்தவர்களின் கல்வெட்டுகள் நிறைந்திருக்கின்றன. அவை உயில்கள் அல்ல. உயிரோடு இருக்கும்போதே கைமாறிய கொடைகள். கொடுத்தவர்கள் காவலையும் சேர்த்தே ஏற்பாடு செய்தார்கள். பொறுப்பை ஊர்ச் சபையோ கோயிலோ ஏற்றது. காத்தவருக்குப் புண்ணியமும் அழித்தவருக்குப் பாவமும் கல்லிலேயே பொறிக்கப்பட்டன. வீட்டுச் சொத்தின் நிலை வேறு. மிதாட்சரம் என்ற இந்து சாத்திர முறைப்படி பூர்வீகச் சொத்து ஒருவருடையதாக இருக்கவில்லை. மகன் பிறக்கும்போதே அதில் பங்கு பெற்றான், பாகம் பிரியாமல் ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றப் பங்காளிகளுக்குப் போய்விட்டது. இறந்தவர் ஆணையிட அங்கே எதுவும் மிச்சமிருக்கவில்லை.

தனி விருப்பம், கூட்டுச் சொத்து என்ற இந்த இரண்டு உலகங்களும் கிழக்கிந்தியக் கும்பினியார் நீதிமன்றங்களில் மோதிக்கொண்டன. இந்து சாத்திரத்துக்கு உட்பட்டாலன்றி இந்துக்களின் உயிலுக்குச் சட்ட வலிமை இல்லை என்று சென்னை மாகாணத்தின் 1829-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஒன்று அறிவித்தது. வாழும்போது ஒருவர் தம் விருப்பப்படி கொடுக்கக்கூடிய சொத்தை உயிலாலும் கொடுக்கலாம் என்பதை அன்றைய மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1856-இல் ஏற்றது. தாமே ஈட்டிய சுயார்ஜித சொத்துக்கு இப்படி வழி திறந்தது. பூர்வீகச் சொத்துக்குத் திறக்கவில்லை. பங்காளி ஒருவரின் உயில் அவர் இறந்த கணத்தில்தான் உயிர் பெறுகிறது, அதே கணத்தில் அவர் பங்கு மற்றவர்களைச் சேர்ந்துவிடுகிறது, ஆகவே உயில் பற்றிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 1874-இல் விளக்கியது. 1870-இன் இந்து உயில்கள் சட்டம், எழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று விதித்தபோது மாகாணத்தில் அது சென்னை நகரத்தையே கட்டுப்படுத்தியது. நகரத்துக்கு வெளியே இருந்த சொத்துக்கு வாய்மொழி உயிலும் செல்லுபடியானது. 1927 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் அங்கும் எழுத்தும் சாட்சியும் கட்டாயமாயின. விருப்பத்தின் எல்லை விரியுந்தோறும் அதைச் சரிபார்க்கும் காவலும் கூடவே வளர்ந்தது என்பதுதான் இந்த நூறாண்டுக் கதையின் சாரம்.

காவல் பிந்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பச்சையப்பர் உயிலே சான்று. அவர் முதன்மையாக நினைத்தது கோயில் கைங்கரியங்களையும் அன்னதானம் போன்ற அறங்களையும். சொத்து வழக்குகளில் சிக்கி ஆண்டுகள் ஓடின. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முனைந்து நின்ற பிறகே நீதிமன்றத்தின் வழியாக ஒரு திட்டம் உருவானது. சமய அறங்களுக்கு ஒரு தொகை நிலைநிறுத்தப்பட்டது. வட்டியால் பெருகியிருந்த மிகுதி கல்விக்குத் திருப்பப்பட்டது. அந்தப் பள்ளியும் பின்னாளில் கல்லூரியும் எத்தனையோ தலைமுறைகளைப் படிக்க வைத்தன. முடிவு நன்றாக அமைந்தது என்பதால் தாமதம் நியாயமாகிவிடாது. இடைப்பட்ட காலத்தில் அந்த அறத்தின் பயனைப் பெற்றிருக்க வேண்டியவர்கள் பெறாமலே போனார்கள். எழுத்து இருந்தது, அதைக் கையிலெடுத்துச் செய்து முடிக்கும் ஆள் பல பத்தாண்டுகள் கழித்தே வந்தார்.

உயிலைக் காப்பது என்பது சில வேளைகளில் அநியாயத்தைக் காப்பதுதானே என்று கேட்கலாம். கேள்வியில் உண்மை உண்டு. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒருவர் தமக்குள்ள பங்கையும் உயிலால் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. தமிழ்நாடு 1989-இலும் நாடாளுமன்றம் 2005-இலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான பங்கைத் தந்தன. தகப்பன் தன் பங்கை உயிலால் மகனுக்கு மட்டும் எழுதிவிட்டால், அந்தப் பங்கில் மகளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காது. இஸ்லாமியச் சட்டம் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்து, வாரிசுகள் இசையாவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. அப்படியொரு வரம்பு இந்துக்களுக்கும் வேண்டும் என்ற வாதம் வலுவானதே. ஆனால் அந்த வாதமும் உயிலை ஒழிக்கச் சொல்லவில்லை. காவலை இன்னும் இறுக்கச் சொல்கிறது. காரணமின்றி இயல்பான வாரிசுகளை விலக்கியிருந்தால், அந்த ஐயத்தைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1958-இல் சொன்னதும் இதே திசையில்தான். சட்டமே சமமாகப் பிரித்துக் கொடுக்கும்போது உயில் எதற்கு என்போரும் உண்டு. சட்டத்துக்கு இரத்த உறவும் திருமண உறவும் தத்தும் மட்டுமே தெரியும். தானாகப் பிழைக்க முடியாத பிள்ளைக்குக் கூடுதலாக வேண்டும் என்பதோ, கடைசிவரை பார்த்துக்கொண்ட மருமகளுக்கு ஏதேனும் சேர வேண்டும் என்பதோ எழுதினால்தான் அதற்குத் தெரியும்.

சொத்தைத் தாண்டி, உயிர் பிரியும் நாள்களைப் பற்றிய முடிவிலும் இப்போது அதே பாடம் மறுபடி நடக்கிறது. மீளமுடியாத நோயில் செயற்கைக் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. இரண்டு சாட்சிகளோடு நீதித்துறை நடுவரின் மேலொப்பமும் வேண்டும் என்ற நிபந்தனை அந்த உரிமையை ஏட்டோடு நிறுத்தியது. 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் இறங்கிவந்து, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று போதும் என்றது. பச்சையப்பர் உயிலுக்குக் காவலே இல்லாததால் வந்த துன்பம், இங்கே காவல் மிகுந்ததால் வந்தது. நோயாளி பேச முடியாதபோது அவருக்காக முடிவெடுக்கப் பொறுப்பானவர்களைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும் என்ற விதியே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. அவர்களிடம் முன்பே மனம் விட்டுப் பேசாமல் எழுதி வைக்கும் தாள், அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் யாருக்கும் நினைவு வராது.

ஆகவே உயில் எழுத உட்காருபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எதை யாருக்கு என்பதை அல்ல. இதை யார் நிறைவேற்றுவார், எந்தச் சாட்சிகள் பின்னாளில் வந்து சொல்லத் தகுந்தவர்கள் என்பதை. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம், உறையில் இட்டு முத்திரையோடு ஒப்படைத்தும் வைக்கலாம். இவ்வளவு வழி இருந்தும், சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று வீடுகள் வாய்மூடி இருக்கின்றன. கல்வெட்டில் தம் கொடையைப் பொறித்து, அதைக் காக்க ஊரையே பொறுப்பாக்கிய முன்னோர் அப்படி நினைக்கவில்லை. தாம் இல்லாத காலத்தை அவர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள், அதனால்தான் அவர்கள் ஏற்றிய விளக்குகள் பல தலைமுறை எரிந்தன. அந்தத் துணிவு நமக்கும் வேண்டும்.