காய்ச்சல் வந்தது என்றைக்கு?

எங்கள் அச்சன்புதூரில் பச்சைப்பிள்ளைக்கு மேலு சுட்டால் ஆச்சிமார் வாயில் இரண்டே சொற்கள்தாம். தடிப்பு தெரிந்தால் அம்மை, தெரியாவிட்டால் தோஷம். அம்மை என்றால் வாசல் நிலையில் வேப்பங்குழை ஏறும், அடுப்படியில் தாளிப்பு நிற்கும், வெளியாள் படியேற மாட்டார். 1975 மே மாதத்தோடு பெரியம்மை இந்தியாவை விட்டுப் போயிற்று. சொல்லும் குழையும் தங்கிவிட்டன. கிராம சுகாதார செவிலியராக நான் வீடு வீடாக நடந்த காலத்திலும் அந்த இரண்டு சொற்களைத்தான் கேட்டேன். வெளியாளைத் தள்ளி நிறுத்திய அந்த வழக்கம் பிள்ளைக்கு நல்லதே செய்தது. ஆனால் ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருந்தன.

எனக்கு அது உறைத்தது 2006-இல். அப்போது நாங்கள் திருநெல்வேலி மாவட்டம். தெருத்தெருவாக ஆட்கள் மூட்டுகளைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். பீடி சுற்றும் பெண் ஒருத்திக்குப் பேற்றுக்கு இரண்டு நாள் முன்னால் காய்ச்சல். விரல் மடங்காமல் முறத்தை ஒதுக்கி வைத்திருந்தாள். பிள்ளை கொழுக்கென்று பிறந்தது. நான்காம் நாள் மேலு சுட்டது, பால் குடிக்கவில்லை. துணி மாற்றக் காலைத் தொட்டாலே வீறிட்டது. கைகால் வீங்கி, தோல் சிவந்தது.

"தோஷம் தட்டிட்டு தாயி, மந்திரிக்கணும்" என்றார் ஆச்சி.

"மந்திரிச்சுக்கிடலாம் ஆச்சி, முதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். தென்காசி போய், அங்கிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளை பிழைத்தது. சில வாரங்களில் மூக்கு மட்டும் மை தடவினாற்போல் கறுத்து, நாளாவட்டத்தில் மங்கியது. சிக்குன்குனியா தொட்டுப்போன பிள்ளைக்கு மூக்குக் கறுப்பு ஓர் அடையாளம் என்று பின்னால் மருத்துவர்கள் எழுதினார்கள்.

இதே நோய் 1964-இல் சென்னையில் லட்சக்கணக்கானோரைப் படுக்கவைத்தது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் என்பது அன்று தெரியாது. 2005, 2006-இல் ரியூனியன் தீவு மருத்துவர்கள்தாம் கண்டார்கள்: பேற்றின்போது தாயின் ரத்தத்தில் கிருமி இருந்தால் ஏறத்தாழ பாதிப் பிள்ளைகளுக்குத் தொற்றுகிறது, சிசேரியனும் காப்பதில்லை.

2012-இல் பக்கத்துக் கடையநல்லூரைப் புரட்டிப் போட்ட டெங்கு வேறு மாதிரி. தாய்க்குக் கடைசி நாட்களில் வந்தால் பிள்ளைக்கும் முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் காணும். ஆனால் அங்கே பயம் வலியில் இல்லை. தட்டணுக்கள் இறங்கி, தோலில் சிவப்புப் புள்ளி விழுந்து, ரத்தம் கசியும். சின்னம்மைக்கோ நாள் கணக்கே உயிர்க்கணக்கு. பேற்றுக்கு 5 நாள் முன்னிருந்து 2 நாள் பின்வரை தாய்க்குக் கொப்புளம் கண்டால், தாயின் எதிர்ப்புச்சக்தி பிள்ளைக்குப் போய்ச்சேர நேரம் இருக்காது. உதட்டில் அக்கிப்புண்ணோடு யாராவது பிள்ளையை முத்தமிட்டாலோ நாவில் சேனைத்தண்ணி வைத்தாலோ அந்தப் புண்ணின் கிருமி மூளைவரை போகலாம். கொப்புளமே தெரியாமல் வலிப்பு மட்டும் வரலாம்.

என்னை அதிகம் வருத்துவது ரூபெல்லா. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு லேசான தடிப்பு, அவளே மறந்துபோவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்காது. கண்ணில் பூ விழுந்திருக்கும், இதயத்தில் கோளாறு, காது கேட்காது. 1941-இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக் தாய்மாரைக் கேட்டுக்கேட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தார். 1990களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரையோடு வந்த ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைச் சோதித்தபோது நான்கில் ஒருவருக்கு ரூபெல்லாவே காரணம். முன்ஜென்ம வினை என்று எத்தனை தாய்மார் அழுதிருப்பார்கள்! 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுவரை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியால் கதவடைத்த வீடுகள் உண்டு. அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்து, கண்ணில் பூ விழுந்த பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினேன்.

மஞ்சள்காமாலை பி இன்னும் மோசம், அடையாளமே காட்டாது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஆயுளுக்கும் ஈரலில் தங்கிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஊசி அதைப் பெரும்பாலும் தடுக்கும்.

இவற்றில் பலவற்றைப் பிரித்துக் காட்டுவது ஒரே கேள்விதான்: தாய்க்குக் காய்ச்சல் வந்தது என்றைக்கு? உங்கள் வீட்டுக் கர்ப்பிணிக்கு மேலு சுட்டாலோ தடித்தாலோ அன்றே காலண்டரில் குறித்து வையுங்கள். பேறு பார்க்கும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.