துளரும் களைக்கொட்டும்: தமிழர் வேளாண் வரலாற்றில் ஒரு கைக்கருவி

முன்னுரை

தமிழர் வேளாண்மை குறித்த ஆய்வுகள் பெரிதும் ஏரை மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. உழவு என்னும் ஒரு வினையின் பெயரே பயிர்த்தொழில் முழுமைக்கும் பெயராகி நிற்கிறது. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது கலப்பையின் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்துப் போற்றுகிறது. ஆயின், விதை முளைத்த பின்னர் ஏர் பெரும்பாலும் நிலத்தைவிட்டு வெளியேறிவிடுகிறது. அதன்பின் புன்செய்யிலும் தோட்டத்திலும் பயிரைப் பேணுவது கைக்கு அடங்கும் சிறு கருவியாகிய களைக்கொட்டே ஆகும். இக்கருவி பற்றிய இலக்கியச் சான்றுகளைத் தொகுத்து, அதன் வரலாற்று இடத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியும் பயனும்

வளைந்த சிறு இரும்பு அலகும் குட்டையான மரப்பிடியும் கொண்டது களைக்கொட்டு. களைக்கொத்து என்றும் இதனை வழங்குவர். குந்தியோ குனிந்தோ ஒரு கையால் கொத்தி, மறு கையால் களையை எடுத்து மண்ணை உதறிப் போடுவர். மண்வெட்டி ஆழத் தோண்டுவது. களைக்கொட்டோ பயிரின் வேர் அறாமல் மேல்மண்ணை மட்டும் கிளறுவது.

இதன் பயன் களையகற்றலோடு முடிவதில்லை. மழைக்குப்பின் வெயிலில் காயும் நிலத்தில் பொருக்குக் கட்டுகிறது. அப்பொருக்கை உடைக்கும்போது நுண்புழைகள் வழியே ஈரம் மேலேறி ஆவியாவது குறைகிறது. வேருக்குக் காற்றும் அடுத்த மழையின் நீரும் எளிதிற் சேர்கின்றன. பயிரின் அடியில் மண் அணைக்கவும் இயல்கிறது. மண்ணின் பதமறிந்து செய்ய வேண்டிய வேலை இது. மிகுந்த ஈரத்தில் கொத்தினால் மண் கட்டியாகும்; நன்கு காய்ந்தபின் கொத்தினால் அலகு இறங்காது. நிலக்கடலையில் விழுது இறங்கத் தொடங்கிய பின்னர் மண்ணைக் கிளறினால் விளைச்சலே கெடும்.

வழக்குச் சொற்கள் இவ்வேறுபாட்டை நுட்பமாகக் காட்டுகின்றன. நீர் நின்ற நன்செய்யில் கையால் செய்வது 'களை பறித்தல்'. புன்செய்யில் கருவியால் செய்வது 'களை கொத்துதல்' அல்லது 'களை வெட்டுதல்'. முதலாவது களையை மட்டும் குறிக்க, இரண்டாவது மண்மேல் நிகழும் வினையையும் உட்கொண்டுள்ளது எனலாம்.

சங்க இலக்கியத்தில் துளர்

களைக்கொட்டின் பழம்பெயர் துளர் என்பதாகும். தும்பிசேர் கீரன் பாடிய குறுந்தொகைப் பாடலில் (392) தலைவி, தினைப்புனத்தில் களையெடுப்போரின் தங்கையாகச் சுட்டப்படுகிறாள். துளர் எறிவதால் எழும் நுண்துகள் அக்களைஞர்க்கு அடையாகிறது. ஈரச்சேற்றில் துகள் எழாது. ஆகவே இங்குப் பேசப்படுவது மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கும் புன்செய்க் களையெடுப்பே என்பது தெளிவு.

ஆற்றுப்படை நூல்கள் இரண்டு மேலும் குறிப்பிடத்தக்க சான்றைத் தருகின்றன. தோட்டத்தைக் குறிக்கும் துடவை என்னும் சொல், பெரும்பாணாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் துளரோடு ஒரே வகையில் இணைந்து வருகிறது. முன்னதில் அத்துடவை எருது பூட்டி உழப்பட்டது. பின்னதில் உழாமலே விதைக்கப்பட்டது. மலைபடுகடாம் அதனையடுத்தே வெண்சிறுகடுகு, இஞ்சி, கவலை ஆகியவற்றின் விளைவைக் கூறுகிறது. குதிரைமலைக் குறவர் காட்டுப்பன்றி கிளறிய புழுதியில் உழாது தினை விதைத்ததைப் புறநானூறும் (168) காட்டுகிறது.

இச்சான்றுகளை ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஏர் சென்ற நிலத்திலும் செல்லாத நிலத்திலும் துளர் சென்றுள்ளது. அதனை ஏரின் துணைக்கருவி என்று மட்டும் கருதுவது பொருந்தாது. ஏரில்லா வேளாண்மைக்கும் ஏர் வேளாண்மைக்கும் பொதுவாக நின்ற கருவி என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

களைஞர் யார்?

இடைக்காடனார் பாடிய அகநானூற்று முல்லைப் பாடலில் (194) தலைக்குடை சூடிய வினைஞர் பறையின் சீருக்கேற்ப வரகுக் கொல்லையில் களை அகற்றுகின்றனர். அது பலர் கூடிச் செய்த வேலை என்பதைப் பறையொலி உணர்த்துகிறது. குறுந்தொகைக் களைஞர் தலைவியின் தமையன்மார் ஆகலாம். இவ்விடங்களில் களையெடுப்பு பெண்களுக்கே உரிய தொழிலாகக் குறிக்கப்படவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில் காட்சி மாறுகிறது. திருநாட்டுச் சிறப்பில் உழவர் பதம் காட்ட, கடைசியர் களை களைகின்றனர். காலத்தை அறிந்து சொல்வது ஆடவர்க்கும், குனிந்து செய்வது பெண்டிர்க்குமாக வேலை பிரிந்து நிற்கிறது. ஒன்று புன்செய், மற்றொன்று நன்செய் ஆதலின் இதனைக் காலமாற்றம் என்று மட்டும் முடிவு செய்தல் இயலாது. எனினும் பிற்கால வேளாண் சமூகத்தில் களையெடுப்பு பெண்களின் கூலி வேலையாக நிலைபெற்ற தன்மைக்கு இது குறிப்பிடத்தக்க இலக்கியச் சான்றாகும்.

மதிப்பும் மறைவும்

வள்ளுவர் களையெடுப்பைக் குறைவாக மதிப்பிடவில்லை. உழவு அதிகாரத்துக் குறளொன்றை (1038) விளக்கும் பரிமேலழகர் உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர் பாய்ச்சுதல், காத்தல் என்னும் ஐந்தும் இம்முறையே வேண்டும் என்கிறார். செங்கோன்மை அதிகாரத்தில் (550) கொடியோரை ஒறுக்கும் வேந்தன் வினைக்குக் களைகட்டலே உவமையாகிறது. இங்கே உவமை அரசனை உயர்த்தியது. களையெடுத்தவரின் கையை யாரும் நோக்கவில்லை. ஏர் உழவனுக்குப் பெயரும் பெருமையும் தர, களைக்கொட்டு அதனைப் பிடித்தவர்க்கு அத்தகைய பெருமையைத் தரவில்லை.

கருவியின் இயல்பும் இம்மறைவுக்குத் துணைசெய்தது. தேய்ந்த அலகு மீண்டும் கொல்லன் உலைக்கே செல்லும். ஆதிச்சநல்லூர் போன்ற ஈமக்களங்களில் புதைக்கப்பட்ட இரும்பு நமக்குக் கிடைத்தது. நாள்தோறும் கொத்தித் தேய்ந்த இரும்பு அவ்வாறு எஞ்சுவது அரிது. எனவே இக்கருவியின் வரலாற்றுக்குச் சொல்லே முதன்மைச் சான்றாகிறது.

முடிவுரை

துளர் என்னும் சொல் இன்று பேச்சு வழக்கில் இல்லை. களைக்கொட்டு என்னும் சொல் எஞ்சியுள்ளது. களைக்கொல்லி மருந்துகளும் உருளைக் களையெடுப்பான்களும் பரவியுள்ள நிலையில், அச்சொல்லும் அதனோடு இணைந்த பதம், பொருக்கு, மண் அணைத்தல் முதலிய அறிவுச் சொற்களும் வழக்கிழக்கக்கூடும். குனிந்து செய்யும் வேலையின் துன்பம் குறைவது வரவேற்கத்தக்கது. அத்துன்பத்தோடு அறிவும் பதிவின்றி மறைவது இழப்பாகும். வட்டார அகராதிப் பணிகளில் ஈடுபடுவோர் கருவியின் பெயரை மட்டும் தொகுத்தல் போதாது. எந்நிலத்தில், எப்பயிருக்கு, எப்பருவத்தில், யார் கையில் அது வழங்கியது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். அவ்வாறு செய்யும்போதே ஏரின் வரலாறாக எழுதப்பட்டுள்ள தமிழர் வேளாண் வரலாறு நிறைவு பெறும்.