எண்ணிக்கையும் இணக்கமும்: தமிழகக் குடும்பக் கட்டுப்பாட்டு வரலாற்றின் ஒரு பக்கம்

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பகுதி சின்ன வெங்காயத்துக்குப் பெயர்பெற்றது. நடுவது, களையெடுப்பது, பறிப்பது, தாள் அரிவது என்று இந்தப் பயிரின் ஒவ்வொரு கட்டமும் கையால் நடைபெறுவது. அறுவடைக்குப் பின் பட்டறை போட்டு வைத்துவிட்டு நல்ல விலைக்குக் காத்திருக்க வேண்டும். கூலியாள் வைக்க இயலாத சிறு உழவனுக்கு ஒரு காலத்தில் பிள்ளைகளே வேலையாட்கள். ஐந்தாறு பிள்ளைகள் இருப்பது அந்த வேளாண்மையின் கணக்குக்குப் பொருந்தியது. அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட சிற்றூர்களைக் கொண்ட தமிழகம் இரண்டே தலைமுறைகளில் இரு பிள்ளைகள் என்ற அளவுக்கு எப்படி வந்தது என்ற வினாவை வரலாற்று நோக்கில் அணுகலாம் என்று கருதுகிறோம். சமுதாயத்தைப் பற்றிய சில பழிச்சொற்களுக்கும் இதற்குள் விடை உண்டு.

இந்தியா 1952இல் அரசின் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்றது. அதற்கும் முன்பே, 1920களின் இறுதியில், சென்னையில் படித்த மேல்தட்டினர் கருத்தடைக்காக ஒரு சங்கம் அமைத்திருந்தனர். 1930களில் பெரியாரின் இயக்கம் அதே கருத்தைப் பெண்ணின் விடுதலை என்ற வேறொரு நியாயத்தோடு பேசியது. நாட்டின் வறுமையையும் மக்கள்தொகையையும் முன்னவர்கள் நினைத்தார்கள். பெண்ணுக்குத் தன் உடல்மீதுள்ள உரிமையைப் பின்னவர் நினைத்தார். அரசின் திட்டம் முன்னவர்களின் வழியிலேயே சென்றது.

இதில் முக்கியமானவர் ஆர்.ஏ. கோபாலசாமி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த அவர், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற தாய் மீண்டும் பெறுவதை 'முன்யோசனையற்ற தாய்மை' என்ற பொருள்பட வகைப்படுத்தினார். அந்தப் பிள்ளைகளுக்குத் தந்தையும் உண்டு என்பது அந்தப் பெயரில் இடம்பெறவில்லை என்பது நோக்கத்தக்கது. பின்னர் அவர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலரானார். 1950களின் பிற்பகுதியில், அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் வழங்கும் முறை சென்னை மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆள் பிடித்து வருவோருக்கும் பணம் தரப்பட்டது. அன்றைய விவசாயக் கூலிக்கு 30 ரூபாய் பல வார வருமானம். தரகர்கள் வயது முதிர்ந்தவர்களையும் அழைத்து வருகிறார்கள் என்ற புகார்கள் எழுந்தன. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: அந்நாளில் கத்திக்கு முன் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

இவ்விடத்தில் நம் நூல்களைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது பொருத்தம். கருத்தடை மேற்கிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே தோழர்கள் 'அஸ்ல்' என்னும் முறையைக் கையாண்டதாகவும் அதற்குத் தடை வரவில்லை என்றும் ஜாபிர் (ரலி) அறிவித்துள்ளார்கள். அதை மறைமுகமான உயிர்ப்புதைப்பு எனக் கண்டிக்கும் அறிவிப்பும் உண்டு. அதைக் கொண்டே ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் அதைத் தடுக்கப்பட்டது என்றார். எனினும் பெரும்பான்மை மார்க்க அறிஞர்கள் அனுமதித்தனர். இப்னு சீனாவின் மருத்துவ நூலில் கருத்தடை மருந்துகளுக்கும் இடம் இருந்தது.

ஹனஃபி, மாலிகி சட்டவியலாளர்கள் மனைவியின் இணக்கமின்றி இதைச் செய்யலாகாது என்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் இந்நிபந்தனை தளர்வாக இருந்தது. அந்த மத்ஹபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் வேறொரு கோணத்தில் இதை அளக்கிறார்கள். மனைவியின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் அஞ்சியோ, பிள்ளைகள் பெருகினால் தவறான வழியில் பொருள்தேட நேருமே என்று அஞ்சியோ ஒருவர் இதைச் செய்தால் அவர்கள் அதைக் குறைகூறவில்லை. பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்ற அச்சத்தால் செய்தால் அந்த எண்ணமே கெட்டது என்கிறார்கள். இந்த இறுதிக் கருத்துக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

நம் காலத்திலும் இப்பாகுபாடு தொடர்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கணவனும் மனைவியும் கலந்தாலோசித்து இணங்கும் தற்காலிகக் கருத்தடையை ஏற்றது. அவசியமின்றி நிரந்தரமாகப் பிள்ளைப்பேற்றை நீக்குவதையும், அரசு சட்டம் போட்டுப் பிள்ளைப்பேற்றுச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துவதையும் ஏற்கவில்லை. இந்தியத் திட்டமோ நிரந்தர அறுவையையே பெரிதும் நம்பியது. முஸ்லிம்கள் திட்டத்தை எதிர்த்தார்கள் என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. தயக்கம் அறுவையைப் பற்றியது. பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி விடுவதை மார்க்கச் சட்டம் என்றோ விவாதித்து முடித்திருந்தது.

திட்டம் வேகமெடுத்தது அண்டை மாநிலமான கேரளத்தில். எர்ணாகுளத்தில் 1970இன் இறுதியில் நடந்த முகாமில் சுமார் 15 ஆயிரம் ஆண்களுக்கும், 1971 கோடையை அடுத்து நடந்த முகாமில் 63 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கும் அறுவை செய்யப்பட்டது. பணமும் பரிசுப் பொருள்களும் தரப்பட்ட அம்முகாம்கள் நாடெங்கும் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டன. ஐந்தாண்டுகளுக்குள் நெருக்கடிநிலை வந்தபோது பரிசின் இடத்தைக் கட்டாயம் பிடித்தது. 1976-77இல் ஒரே ஆண்டில் 82 இலட்சம் அறுவைகள் நடந்தன. அவற்றுள் 60 இலட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு. 1976 நவம்பரில் ஹரியானாவில் மேவாத்தி முஸ்லிம்கள் வாழும் உட்டாவர் கிராமத்தைக் காவல்துறை விடியற்காலையில் சூழ்ந்து ஆண்களைப் பிடித்துச் சென்றது. அடுத்த ஆண்டு தேர்தலில் வடஇந்தியா அதற்கு விடையளித்தது. 1977-78இல் அறுவைகளின் எண்ணிக்கை பத்து இலட்சத்துக்கும் கீழே போயிற்று. 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயரையே அரசு கைவிட்டு 'குடும்ப நலம்' என்று மாற்றிக்கொண்டது.

பெயர் மாறியதோடு ஆளும் மாறினார். ஆண்களைத் தொட்டால் வாக்குப் போய்விடும் என்பதை ஆட்சியாளர்கள் கண்டனர். அதன்பின் அறுவை மேசையில் பெரும்பாலும் பெண்களே கிடத்தப்பட்டனர். மருத்துவ நோக்கில் ஆணுக்குச் செய்யும் அறுவை எளியது. பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும். ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள். அறுவை செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இரண்டாம் பிரசவம் முடிந்த கையோடு, அதே மருத்துவமனையில், 'செய்துவிடலாமா' என்று கேட்கப்படும் வினாவுக்கு வலியில் கிடக்கும் தாய் சொல்லும் 'சரி'யை இணக்கம் என்பதா? நம் ஃபுகஹாக்கள் மனைவியின் இணக்கத்தைப் பற்றி எழுதியபோது இப்படியொரு காட்சியை எண்ணியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் தமிழகத்தில் பிறப்பு குறைந்ததற்கு அறுவைதான் காரணமா? கருவி அது, காரணம் வேறு. 1970களின் தொடக்கத்தில் தமிழகத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டுக்குள் இறந்தன. 2020இல் அது 13 ஆகக் குறைந்திருந்தது. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த தாய்க்கு ஆறு பெற வேண்டிய தேவை இல்லை. காமராசர் காலத்தில் 1956இல் பரவலான பள்ளி மதிய உணவும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும் பிள்ளைகளை வயலிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. வெங்காயம் அரிந்த கைகள் பள்ளிக்குப் போனபின் பிள்ளை என்பது வரவுக் கணக்கிலிருந்து செலவுக் கணக்குக்கு மாறிவிடுகிறது. 1990களின் முற்பகுதியிலேயே தமிழகம், ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்யும் அளவான 2.1 என்ற விகிதத்தை எட்டிவிட்டது. நாட்டுக்கு அது கிட்டக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சீனாவைப் போல் ஒரு பிள்ளைச் சட்டம் இங்கே தேவைப்படவில்லை.

இதே காரணங்கள் முஸ்லிம் குடும்பங்களிலும் இயங்கின. அகில இந்திய அளவில் முஸ்லிம் பெண் ஒருவர் பெறும் சராசரிப் பிள்ளைகள் 1992-93இல் 4.4, 2019-21இல் 2.4. இந்துப் பெண்களிடம் இது 3.3இலிருந்து 1.9 ஆயிற்று. வீழ்ச்சியின் வேகம் நம்மிடமே மிகுதி. தமிழகத்து முஸ்லிம் பெண், பீகாரின் இந்துப் பெண்ணைவிடக் குறைவான பிள்ளைகளையே பெறுகிறார். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் இருக்கும் இடம் எதுவோ அதைப் பொறுத்தே பிள்ளைகளின் எண்ணிக்கை அமைகிறது. செட்டிகுளம் இருக்கும் அதே மாவட்டத்தில் உள்ள லெப்பைக்குடிக்காட்டின் ஆண்கள் பலர் வளைகுடாவில் உழைக்கின்றனர். அங்கிருந்து வரும் பணம் பிள்ளைகளின் படிப்பாக மாறுவதை நாம் எல்லாருமே நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். ஈரான் 1989இல் தொடங்கிய திட்டமும் பங்களாதேஷின் அனுபவமும் இதையே காட்டுகின்றன. இரண்டிலும் வீடுதேடிச் சென்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் செய்த வேலை பெரிது.

இனி கஸ்ஸாலி இமாம் அவர்கள் எச்சரித்த அந்த எண்ணத்துக்கு வருவோம். குடும்பம் சுருங்கும்போது, 'இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும்' என்ற ஆசை கூர்மையடைகிறது. ஆறு பெற்ற காலத்தில் அது தானே நிறைவேறிவிடும். இரண்டோடு நிறுத்தும்போது அதற்கு வழி தேடப்படுகிறது. 1980களில் உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலைகள் வெளியே தெரிந்தன. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கருவிலேயே பாலினம் அறிவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அப்போது நோய் மேற்கு மாவட்டங்களுக்கும் மதுரைப் பக்கத்துக்கும் உரியதெனக் கருதப்பட்டது.

2011 கணக்கெடுப்பு வேறொன்றைச் சொன்னது. பெரம்பலூர் மாவட்டத்தில் மொத்தத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1003 பெண்கள். பக்கத்து அரியலூரில் 1015. கேட்பதற்கு மகிழ்ச்சி தரும் எண்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் எண்ணினால் ஆயிரம் சிறுவர்களுக்குப் பெரம்பலூரில் 913 சிறுமியர், அரியலூரில் 897. மாநிலச் சராசரி 943. இயற்கையின் அளவு 950ஐ ஒட்டியது. பாட்டிகள் நிறைந்த ஊர்களில் பேத்திகள் குறைந்திருந்தார்கள். உயிரோடு புதைக்கப்பட்ட சிறுமி மறுமையில் விசாரிக்கப்படுவாள் என்பதை ஓதி வரும் நாம், இந்த எண்களைப் பிற சமூகத்தாரின் கணக்கு என்று தள்ளிவைக்க இயலாது. வரதட்சணையை நம் வீட்டுத் திருமணங்களுக்குள் அழைத்தவர்கள் நாமே. மகள் பிறந்ததும் நகைக்கு எத்தனை பவுன் என்று எண்ணத் தொடங்கும் தந்தையை எல்லா மஹல்லாக்களிலும் காணலாம்.