மறித்தலும் துண்டு வெட்டுதலும்

வட்டுக்கோட்டை என்றதும் உலகெங்கும் பரந்து வாழும் தமிழர் பலருக்கு முதலில் நினைவு வருவது 1976 மே 14ஆம் திகதி பண்ணாகத்தில் நிறைவேற்றப்பட்ட தீர்மானமே. இந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நோயாளி தன் உடலுக்கு என்ன நடக்கிறது என்பதைத் தன் மொழியில் அறியலாம் என்ற எண்ணத்தோடு தொடர்புடைய வரலாறு அது.

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒருவரை வைத்தியசாலையில் அனுமதித்தால் 'மறித்துப் போட்டார்கள்' என்போம். வீட்டுக்கு அனுப்பினால் 'துண்டு வெட்டி விட்டார்கள்' என்போம். முதற் சொல்லில் வழியில் போனவனைத் தடுத்து நிறுத்திய அச்சம் இருக்கிறது. இரண்டாவதில் ஒரு காகிதத்தின் அதிகாரம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் கிடப்பவனுக்கு என்ன விளங்குகிறது என்பதே என் கேள்வி.

வைத்தியசாலைகள் வருமுன் நோய் வீட்டிலேயே கிடந்து மாறியது, அல்லது மாறாது போனது. பரியாரியார் வீடு தேடி வந்தார். யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் தமிழிலேயே இருந்தன. பரியாரியார் சொன்ன பத்தியமும் வீட்டாருக்கு விளங்கும் மொழியிலேயே இருந்தது. ஆகவே வைத்தியத்தைத் தமிழுக்கு முதலில் கொண்டுவந்தவர்கள் வெள்ளையர் என்று சொல்வது பிழை. அவர்கள் கொண்டுவந்தது இன்னொரு வைத்தியம்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் தங்கிப் பணியைத் தொடங்கினார். (வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்தி.) அயலிலுள்ள வட்டுக்கோட்டையில் 1823இல் மிஷனின் செமினரி எழுந்தது. 1833இல் வந்த டொக்டர் நேதன் வார்ட் அங்கே மாணவர் சிலருக்கு மருத்துவமும் போதித்தார். அவருக்குப் பின், 1847 ஒக்ரோபரில் வந்து சேர்ந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அப்போது வயது இருபத்தைந்து. வட்டுக்கோட்டையில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கிய அவர், மறு ஆண்டு மானிப்பாய்க்கு மாறி அங்கேயே நிலைத்தார்.

அந்தக் காலத்தை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது. பொஸ்ரன் நகரில் ஈதர் கொடுத்து வலியின்றிச் சத்திரசிகிச்சை செய்து காட்டியது 1846 ஒக்ரோபரில். கிறீன் வருவதற்குச் சரியாக ஓராண்டு முன்பு. காயம் சீழ்ப்பிடிக்காமல் காக்கும் முறையை ஜோசப் லிஸ்ரர் வெளியிட்டதோ 1867இல்தான். இடைப்பட்ட காலத்தில் வலியில்லாமல் வெட்ட முடிந்தது; வெட்டிய இடம் ஆறும் என்று எவரும் உறுதி கூற முடியவில்லை. 'சிறிய சத்திரசிகிச்சை' என்று நாம் இன்று அலட்சியமாகச் சொல்வது அன்று இருக்கவில்லை. சிறு கட்டியைக் கீறியவனும் உயிரிழக்கக் கூடும்.

கிறீன் 1848 முதல் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். மிஷன் தன் கல்விக் கொள்கையை மாற்றியதால் வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற மாணவர் வந்த வழி குறுகியது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் அரச உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். தமிழில் படித்தவர்கள் ஊரோடு நிற்பார்கள் என்று அவர் கருதினார். 1864இல் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். அவரிடம் பயின்று வெளியேறிய அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களில் 33 பேர் தமிழில் கற்றவர்கள்.

பாடம் நடத்த நூல் வேண்டும். கட்டரின் நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று தமிழானது. துரூயிற்றின் சத்திரசிகிச்சை நூல் 1867இல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. லிஸ்ரரின் கட்டுரைகள் இலண்டனில் அச்சான அதே ஆண்டு! புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆனது. 1875இல் 'கெமிஸ்தம்' வந்தது. தமிழில் சொல் இருந்தால் அதை எடுப்பது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் இயலாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அமைப்பது என்பதே அவர் வகுத்த ஒழுங்கு. 1873இல் அமெரிக்கா திரும்பிய பின்னும் மொழிபெயர்ப்பை அவர் கைவிடவில்லை.

அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைத்ததில்லை. ஆயினும் ஒரு கிராமத்து இளைஞன் தன் மொழியில் கிரேயைப் படித்தான் என்பது, நோக்கம் எதுவாயினும், நடந்து முடிந்த காரியம்.

அது நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரச மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. கிறீன் போனபின் தமிழ்மூல மருத்துவக் கல்வி சில ஆண்டுகளில் ஓய்ந்தது.

இதையெல்லாம் நான் ஊன்றி யோசித்தது சில ஆண்டுகளுக்கு முன்னர் கட்டிலில் கிடந்தபோதுதான். குடலிறக்கத்துக்குச் சிறிய சத்திரசிகிச்சை. காலையில் போனால் மாலையில் வீடு என்றார்கள். முள்ளந்தண்டில் ஊசி ஏற்றி, முக்கால் மணி நேரத்தில் காரியம் முடிந்தது. ஆனால் இரவாகியும் சிறுநீர் கழியவில்லை. ஐம்பது கடந்த ஆண்களுக்கு இவ்வகைச் சிகிச்சையின்பின் இப்படி நேர்வதுண்டு என்று விளக்கி, குழாய் போட்டு மறித்துவிட்டார்கள். மறுநாள் காய்ச்சலும் சேர்ந்தது. ஒரு பகல் ஐந்து நாளாக நீண்டது. வைத்தியர்கள் அன்பானவர்கள், கவனிப்பிலும் குறையில்லை.

ஐந்தாம் நாள் எனக்கும் பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒன்றாகத் துண்டு வெட்டினார்கள். அவர் அராலியைச் சேர்ந்த கமக்காரர், எழுபது தாண்டியவர்.

"தம்பி, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கால் பார்த்துச் சொல்லும்" என்று அட்டையை நீட்டினார்.

இரண்டு குளிசைகளை எப்போது எடுப்பது, எத்தனை நாள் பாரம் தூக்கக் கூடாது, எந்தக் குறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும். அவ்வளவும் ஆங்கிலத்தில் இருந்தது. வாசித்துச் சொன்னேன்.

"ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கப்படாதோ? நான் நாளைக்குத் தண்ணி இறைக்கலாமெண்டெல்லோ நினைச்சன்!" என்றார்.

வைத்தியர் வாயால் சொல்லியிருக்கக் கூடும். ஆனால் நோயாளி மயக்கத்திலும் வலியிலும் கேட்பது நிற்பதில்லை. காகிதத்தில் இருப்பதே வீட்டுக்குப் போகிறது. அதை அவர் வீட்டில் எவர் வாசித்திருப்பார்?

1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டில் அரச கரும மொழி. மருத்துவக் கல்வியை மீண்டும் தமிழாக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. உலக அறிவு ஆங்கிலத்தில் வருகிறது. வைத்தியர் அதில் படிக்கட்டும், தங்களுக்குள் அதில் எழுதட்டும். நோயாளிக்கு வேண்டியது அட்டையின் அடியில் நான்கு வரித் தமிழ். அச்சிட்ட படிவம் ஒன்றில் இலக்கங்களை நிரப்பினாலே போதும்.

கிறீன் 1884இல் மசாசுசெற்சில் காலமானார். தம் கல்லறைக் கல்லில், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்கும்படி அவர் கேட்டிருந்தார்; அவ்வாறே பொறித்தார்கள். அவர் கிரேயின் நூல் முழுவதையும் தமிழுக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். நாம் கேட்பது நான்கு வரிகள்தான்.