இறக்குமதிக் கார்களுக்கான நுழைவு வரி (தமிழ்நாடு)

நுழைவு வரி என்பது தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பகுதிகளுக்குள் பயன்பாட்டுக்காகவோ விற்பனைக்காகவோ கொண்டுவரப்பட்ட மோட்டார் வாகனங்கள் மீது, 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில அரசு விதித்த வரி ஆகும். வெளிநாட்டுச் சொகுசுக் கார்கள், ஸ்போர்ட்ஸ் கார்கள் ஆகியவற்றைப் பதிவு செய்வதில் இது பல வழக்குகளுக்குக் காரணமாக அமைந்தது.

சிக்கல்

வருசநாட்டில் வசிக்கும் ஒருவர் வெளிநாட்டுக் கார் ஒன்றை இறக்குமதி செய்ததாகக் கொள்வோம். துறைமுகத்தில் அவர் நடுவண் அரசுக்குச் சுங்கவரி செலுத்துவார். பின்னர், காரைத் தேனி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் (தொடர் எண்: த.நா. 60) பதியும்போது ஆயுள்கால வரியுடன் நுழைவு வரியும் கோரப்பட்டது. இறக்குமதிப் பொருளுக்கு மாநிலம் வரி விதிக்க இயலாது என உரிமையாளர்கள் வாதிட்டனர்.

தீர்ப்புகள்

கேரள அரசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபர் 9 அன்று அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. இறக்குமதி முடிந்தபின் உள்ளாட்சிப் பகுதிக்குள் பொருள் நுழைவது தனி நிகழ்வு என்பது இதன் அடிப்படை.

நடிகர் விஜய் 2012 இல் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் கார் குறித்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 சூலையில் தள்ளுபடி செய்து, ஓர் இலட்சம் ரூபாய் செலுத்தவும் ஆணையிட்டது. தனி நீதிபதியின் கடுமையான கருத்துகளை 2022 சனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது.

தற்போதைய நிலை

2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததால் நுழைவு வரி முடிவுக்கு வந்தது. ஆயுள்கால வரி தொடர்கிறது. 2023 நவம்பர் முதல் 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு அது 20% ஆகும்.