உள்ளங்கையில் ஒரு புகைவண்டி



நெருப்புப்பெட்டிகள் நான்கை நூலில் கோத்தால் ஒரு புகைவண்டி. காலிப் பால்டின் ஒன்றைப் படுக்கவைத்து முன்னால் கட்டினால் அதற்கு இஞ்சின். லயத்து வாசலில் இப்படி வண்டி ஓட்டாத தோட்டத்துப் பிள்ளை யார்? அந்த விளையாட்டுக்கு மேலை நாட்டில் ஒரு மூத்த அண்ணன் உண்டு. உண்மையான இரயிலை ஒரே கணக்குப்படி சிறுகச் செய்து, தண்டவாளம், நிலையம், பாலம், மரம் என்று எல்லாவற்றையும் அதே கணக்கில் அமைத்து, ஒரு மேசைமேல் ஓடவிடும் பொழுதுபோக்கு அது. அந்தப் பொழுதுபோக்கு எப்படி வரவரச் சிறுத்தது என்ற வரலாற்றையும், அதைப் படித்துவிட்டு எங்கள் பள்ளியில் நாங்கள் செய்து பார்த்ததையும் இன்று சொல்ல விரும்புகிறோம்.

ஜெர்மனியில் கோப்பிங்கன் என்றோர் ஊர். அங்கே 1859ஆம் ஆண்டில் தொடங்கிய மார்க்லின் குடும்பத்தாரின் பட்டறை, பொம்மை வீடுகளுக்கு வேண்டிய தகரச் சட்டிபானைகளைச் செய்து விற்றுவந்தது. பொம்மை வீடு வாங்கிய குழந்தை அத்தோடு நிற்குமா? அடுத்த பண்டிகைக்கு ஓர் அடுப்பு கேட்கும், அதற்கடுத்து ஒரு குடம் கேட்கும். இந்த வியாபாரப் பாடத்தை மார்க்லின் நிறுவனத்தார் இரயிலுக்கும் பொருத்தினார்கள். 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில், சாவி கொடுத்தால் எட்டு வடிவப் பாதையில் சுற்றும் ஒரு வண்டியைக் காட்டினார்கள். தண்டவாளங்களின் அகலத்துக்கு 1, 2, 3 என்று எண் இட்டதுதான் அதில் புதுமை. இன்று வாங்கிய பெட்டி, அடுத்த ஆண்டு வாங்கும் பாதையிலும் ஓடும். அதுவரை பொம்மை வண்டிகளுக்கு அந்த ஒழுங்கு இல்லை. வண்டியைவிட இந்த எண்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பது எங்கள் கருத்து.

ஆனால் அந்த வண்டிகள் பெரியவை. எண் 1 பாதையின் அகலமே 45 மில்லிமீட்டர். அதை விரிக்கக் கூடம் வேண்டும். கூடம் உள்ளவன் பணக்காரன். பின்னர் அதைவிடச் சிறிய அளவு வந்தபோது எண்ணுக்கு எங்கே போவது? ஒன்றுக்குக் கீழே பூஜ்யம் என்று பெயர் வைத்தார்கள். அதன் அகலம் 32 மில்லிமீட்டர். அதில் பாதியாக, 16.5 மில்லிமீட்டர் அகலத்தில், நூரம்பர்க் நகரின் பிங் நிறுவனம் 1922இல் ஒரு 'மேசை இரயிலை' வெளியிட்டது. தரையில் மண்டியிட்டு விளையாடியவர்கள் நாற்காலியில் அமர்ந்து விளையாடலாயினர்.

பிங் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பிங் என்பவர் பின்னர் டிரிக்ஸ் என்ற நிறுவனத்தை நடத்தினார். 1935இல் அந்நிறுவனம் வெளியிட்ட சிறிய மின்சார வண்டி பெரும் புகழ்பெற்றது. ஆனால் அவர் யூதர். நாஜிகளின் ஆட்சியில், 1930களின் பிற்பகுதியில், உருவாக்கிய தொழிலை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. வண்டி நூரம்பர்க்கில் தொடர்ந்து ஓடியது. அதை ஓடவிட்டவருக்கு அங்கே இடமில்லை. பொம்மையின் வரலாறு என்றாலும் மனிதனின் வரலாறு அதற்குள் வந்து நுழைந்துவிடுகிறது.

போருக்குப் பின் ஐரோப்பாவில் இடிந்த வீடுகளுக்குப் பதிலாக அடுக்கு வீடுகள் எழுந்தன. அறை சுருங்கியது, வண்டியும் சுருங்கியது. நம் நாடு மெர்டேக்கா பெற்ற 1957இல், இங்கிலாந்தின் லோன் ஸ்டார் நிறுவனம் கையால் தள்ளி விளையாடும் ஒரு குட்டி உலோக வண்டியை விற்பனைக்கு விட்டது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, ஆகவே விலையும் குறைவு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளையையும் எண்ணிப் பார்த்த வண்டி என்று அதனிடம் எங்களுக்கு ஒரு தனிப் பிரியம்.

1960இல் நூரம்பர்க்கின் ஆர்னால்டு நிறுவனம் 9 மில்லிமீட்டர் அகலப் பாதையில் மின்சார வண்டியை ஓட்டிக் காட்டியது. பின்னர் நிலைபெற்ற கணக்குப்படி, உண்மையில் 160 மீட்டர் உள்ளது இங்கே ஒரு மீட்டர். இந்த அளவுக்கு 'என்' என்று பெயர். ஒன்பது என்பதற்குரிய சொல் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளில் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. நவராத்திரி, நவக்கிரகம் என்று சொல்லும் நமக்கும் இது பொருந்துவது வேடிக்கை. 1965இல் ஜப்பானிலும் இவ்வளவு வண்டிகள் செய்யப்பட்டன. சிறிய வீடுகள் நிறைந்த அந்நாட்டில் அவை நன்றாக வேரூன்றின.

இனி 1972க்கு வருவோம். அந்த ஆண்டு நூரம்பர்க் பொம்மைச் சந்தையில் மார்க்லின் நிறுவனம் இன்னும் சிறிய ஒரு வண்டியைக் காட்டியது. ஹெல்முட் கில்லியன் என்பவர் அதன் வடிவமைப்பாளர். பாதையின் அகலம் 6.5 மில்லிமீட்டர், அளவு 220க்கு 1. இருபது மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி இதில் 9 சென்டிமீட்டர்தான். வட்டப் பாதை ஒரு தாம்பாளத்துக்குள் அடங்கும். ஆகவே கைப்பெட்டிக்குள் மலை, ஆறு, ஊர், இரயில் எல்லாவற்றையும் கட்டி, வேலைக்குப் போகும்போது தூக்கிச் செல்கிறவர்களும் உண்டு. இதற்கு மேல் யாராலும் சிறிதாக்க முடியாது என்று நம்பி, ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தையே, 'இசட்' என்று, அதற்குச் சூட்டினார்கள்.

வண்டியைச் சிறிதாக்குவதில் ஒரு தொல்லை ஒளிந்திருக்கிறது. நீளம் 220இல் ஒரு பங்காகும்போது, அகலமும் உயரமும் அவ்வாறே குறைகின்றன. ஆகவே எடை 220ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்குக் குறைந்துவிடும். அதாவது, ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பங்கில் ஒரு பங்கு! 60 டன் எடையுள்ள இஞ்சினை இந்தக் கணக்கில் அப்படியே வார்த்தால் 6 கிராம்கூடத் தேறாது. மின்சாரமோ தண்டவாளத்திலிருந்து சக்கரத்தின் வழியாகத்தான் மோட்டாருக்கு ஏற வேண்டும். எடை இல்லாத சக்கரம் தண்டவாளத்தை அழுத்துவதில்லை. ஒரு துளி தூசு, விரல் பட்ட எண்ணெய்ப் பசை, இவை போதும், வண்டி நின்றுவிடும். உண்மை இரயிலை நிறுத்த மரம் விழ வேண்டும். இதை நிறுத்த நம் தலைமுடியிலிருந்து விழும் பொடி போதும். அதனால் இதை வளர்ப்பவர்கள் வண்டி ஓட்டும் நேரத்தைவிடத் தண்டவாளத்தைத் துடைக்கும் நேரமே அதிகம் என்று சொல்லலாம். துடைத்து வைத்தால் அது உழைக்கவும் செய்யும். ஆறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு 1,219 மணி நேரம், அதாவது ஐம்பது நாட்களுக்கு மேல், நில்லாமல் ஓடி 720 கிலோமீட்டர் கடந்த பிறகே ஓய்ந்த இத்தகைய வண்டி ஒன்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது.

கடைசி எழுத்து உண்மையிலேயே கடைசியாக இருந்ததா? இல்லை. 2006இல் ஜப்பானியர் 3 மில்லிமீட்டர் அகலப் பாதையில் 450க்கு 1 என்ற அளவில் ஒரு வண்டியைக் காட்டினார்கள். எடை இல்லாத குறையை அவர்கள் சக்கரத்தைக் காந்தமாக்கித் தீர்த்தார்கள். இரும்புத் தண்டவாளத்தைக் காந்தச் சக்கரம் தானே பற்றிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம்தான்!

சரி, இவ்வளவு சிறிதாக்கிவிட்டால் ஓர் இரயில் பாதை முழுவதும் வீட்டுக்குள் அடங்கிவிடுமா? எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதைக் கணக்காகக் கொடுத்தோம். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஈயம் கொண்டுசெல்லப் போட்ட பாதை. நீளம் 12.8 கிலோமீட்டர்.  பிள்ளைகள் வகுத்துப் பார்த்தார்கள். 220க்கு 1 என்ற அளவில் 58 மீட்டர் வந்தது. ஜப்பானியரின் அளவிலும் 28 மீட்டர். எங்கள் பள்ளிக்கூடத்தையே இடித்து நீட்டினால்தான் உண்டு.

ஆகவே எவ்வளவு சிறிதாக்கினாலும் சிறு இரயில் கட்டுகிறவன் பெரும்பகுதியை விட்டுவிடத்தான் வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் இந்தக் கலையின் உண்மையான வேலை. எங்களிடம் இருந்தது ஆறடிப் பலகை. அதில் 400 மீட்டர் பாதைதான் அடங்கும். போர்ட் வெல்ட் முனையைத் தேர்ந்தோம். அந்த ஊர் இப்போது கோலா செப்பாத்தாங் எனப்படுகிறது. அங்கே தண்டவாளம் இல்லை. ஆனால் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது.

நம் நாட்டுப் பாதையின் அகலம் ஒரு மீட்டர். 220ஆல் வகுத்தால் நாலரை மில்லிமீட்டர். மோட்டார் வண்டி வாங்க எங்களால் இயலாது. எனவே ஓடாத வண்டி என்று முடிவு செய்தோம். மெல்லிய செம்புக் கம்பி தண்டவாளமாயிற்று. துடைப்ப ஈர்க்கைப் பிளந்து 9 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் சிலிப்பர் கட்டை. அட்டையில் நிலையமும் பெட்டிகளும். காய்ந்த தேயிலைத் தூளில் தரை. மெல்லிய வேர்த்துண்டுகளில் கடலோரத்துப் பக்காவ் மரங்கள். 70 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டை என்று வைத்துக்கொண்டு, பலகைக்கு ஏறத்தாழ 600 ஈர்க்குத் துண்டுகளைப் பிள்ளைகள் நறுக்கினார்கள். முதல் முயற்சி வீணாயிற்று. மரவள்ளி மாவில் காய்ச்சிய பசையால் ஒட்டியிருந்தோம். ஒரே வாரத்தில் கரப்பானும் எறும்பும் நிலையத்தின் கூரையைத் தின்று தீர்த்துவிட்டன. பழைய புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள் என்ற நினைவு பிறகுதான் வந்தது. அது நஞ்சு, பிள்ளைகளைத் தொடவிடாமல் ஆசிரியர்களாகிய நாங்களே கலந்தோம். இரண்டாவது பலகை நிலைத்தது.

பெற்றோர் நாளன்று அதை மண்டபத்தில் வைத்தோம். எங்கள் மாணவி ஒருத்தியின் தாத்தா வந்திருந்தார். இரயில்வேயில் பாதை பராமரிக்கும் கேங்கில் இருந்து ஓய்வுபெற்றவர். பலகையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். குனிந்து ஈர்க்குக் கட்டைகளைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு வாத்தியாரையா. ஸ்டேசன் இருக்கு, வண்டி இருக்கு, கம்பிச் சடக்கு இருக்கு. ஆளுங்க எங்க?"

அளவு மிகச் சிறியது என்பதால் விட்டுவிட்டோம் என்று சொன்னோம்.

"கட்டையை அளந்து வெட்டியிருக்கீங்களே ஐயா," என்றார் அவர்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பாதையை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட முன்னோடித் தொழிலாளர் படையின் இரண்டு பிரிவினர். இதைப் பாடத்தில் நாங்களே கற்பித்திருக்கிறோம். முழுப் பாதைக்கும் எங்கள் கணக்கில் 18,000க்கு மேற்பட்ட கட்டைகள் வேண்டும். சேற்றிலும் கொசுவிலும் அவற்றைச் சுமந்து பரப்பியவர்களைத்தான் நாங்கள் 'அளவு சிறியது' என்று விட்டிருந்தோம். உலகத்து மேசைகளில் ஓடும் எத்தனையோ அழகிய சிறு இரயில்களிலும் இஞ்சினின் ஆணி வரை இருக்கும், பாதை போட்டவன் இருக்கமாட்டான்.

மறுநாள் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள், 220க்கு 1 என்ற அளவில், ஏழரை மில்லிமீட்டர். ஏழரை மில்லிமீட்டருக்கு என்ன கிடைக்கும்? அந்தத் தாத்தாவின் பேத்திதான் பூசைக்கு வைத்திருந்த நெல்லில் ஒரு பிடி கொண்டுவந்தாள். நெல்மணியை நிமிர்த்தி ஒட்டினால் சரியாக ஓர் ஆள்! இருபது மணிகளைப் பொறுக்கினார்கள். தலைப்பாகைக்கு வெள்ளைப் புள்ளி, இடுப்புக்கு நீலக்கோடு. தாத்தாவையே கூப்பிட்டு எங்கே நிற்கவைப்பது என்று கேட்டோம். தண்டவாளத்தை நகர்த்தும்போது கடப்பாரைக்காரர்கள் ஒரே பக்கமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க, ஒன்றாக நெம்புவார்கள் என்று அவர் நின்று காட்டினார். அப்படியே பத்துப் பேரை வரிசையாக நிறுத்தினோம். குரல் கொடுப்பவர் சற்றுத் தள்ளி. மற்றவர்கள் கட்டை சுமக்கிறார்கள். நிலையத்தின் பெயர்ப்பலகை 9 மில்லிமீட்டர் அகலம். அதில் ஒற்றை மயிர்த் தூரிகையால் அந்தப் பேத்தி ஊரின் பெயரைத் தமிழில் எழுதினாள். வாசிக்க முடியாது. எழுதியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தபோது ஆட்களில் மூன்று பேரைக் காணவில்லை. சன்னல் வழியாக வந்த சிட்டுக்குருவி கொத்திப் போயிருந்தது. பிள்ளைகள் புதிதாக மூன்று பேரை எடுத்து வேலைக்குச் சேர்த்தார்கள். இப்போது பலகைக்கு மேல் ஒரு பழைய கொசுவலைத் துண்டைக் கட்டியிருக்கிறோம். காலையில் வகுப்புக்கு வருகிற முதல் பிள்ளை வலையைத் தூக்கி, இருபது பேரும் இருக்கிறார்களா என்று எண்ணிவிட்டுத்தான் இருக்கைக்குப் போகிறது.